பேச்சியம்மா மஞ்சு மொழி படித்த வரலாறு

கண்டி நகரத்தை அழகாக்கியே தீருவது என்று ஓர் அலுவலகம் முடிவெடுத்தபோது, முதன்முதலில் அதன் கண்ணை உறுத்தியது பேச்சியம்மாவின் தேத்தண்ணிக் கடை. நகரத்தில் உடைந்த சாக்கடைக் கான்கள் இருந்தன. நாறிக் கிடந்த குப்பை மேடுகள் இருந்தன. அவற்றுக்கெல்லாம் நோட்டீஸ் ஒட்ட முடியாது, ஒட்டினாலும் அவை எழுந்து போகமாட்டா. பேச்சியம்மா எழுந்து போகக்கூடியவள் என்பது அதிகாரிகளின் கணிப்பு. அந்தக் கணிப்பு எவ்வளவு பிழையானது என்பதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கதை.

குட்செட் பஸ் நிலையத்துக்குப் பின்னால், சுவரை ஒட்டி, தகரக் கூரையும் உட்கார இரண்டு வாங்குகளும் ஒரு கண்ணாடிப் பெட்டியுமாக இருந்தது கடை. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பேச்சியம்மா, முதுகில் கூடை கட்டினது போதும் என்று புருஷனையும் இழுத்துக்கொண்டு டவுனுக்கு வந்து போட்ட கடை அது. புருஷன் அழகையா வடை சுடுவார். அவள் தேத்தண்ணி ஆற்றுவாள், ஆட்களையும் சமாளிப்பாள். அவர்களுக்கு வேறு தொழில் இல்லை, வேறு இடமும் இல்லை.

நோட்டீஸ் சிங்களத்தில் இருந்தது. பேச்சியம்மாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. பக்கத்தில் போட்டோக்கொப்பி எடுத்து, போனுக்கு ரீலோட் போடும் சின்னக் கடை வைத்திருந்த றமீஸா சிங்கள மொழிமூலம் படித்தவள். அவள்தான் வாசித்துச் சொன்னாள்.

"கடையைக் கழட்டிட்டுப் போகட்டாம் அக்கா. இந்த எடத்துல பூச்சாடி வைக்கப் போறாங்களாம். சொல்ல ஏதும் ஈந்தா விசாரணைக்கு வரட்டாம்."

"பூச்சாடியா?"

"மூணு பூச்சாடி."

அழகையா வடைச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "நமக்கு எதுக்கு வம்பு? நாவலப்பிட்டியில அண்ணன் வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் எடம் கெடக்கு. போயிருவோம்."

"அங்கயும் யாராச்சும் பூச்சாடி தூக்கிட்டு வருவான். அப்ப எங்க போறது?" என்று கேட்டுவிட்டு, பேச்சியம்மா நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு நகர அழகாக்கல் அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

விசாரணை அதிகாரி எக்கநாயக்க அவளுக்குப் புதியவர் அல்லர். தினமும் காலையில் அவளிடம் வடை தின்கிறவர். "அம்மா, நல்லா சூடா ஒரு பிளேன்டீ" என்று கொச்சைத் தமிழில் கேட்பார், வடைக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பல் பிரமாதம் என்பார். ஆனால் அலுவலகக் கதிரையில் உட்கார்ந்ததும் அவருக்குத் தமிழ் மறந்துவிடும். அது அவர் குற்றமில்லை, கதிரையின் குற்றம்.

விசாரணையைத் தமிழில் வைக்கச் சொல்லிக் கேட்டாள் பேச்சியம்மா. நோட்டீசையும் தமிழில் தரச் சொன்னாள். உனக்குத்தான் சிங்களம் தெரியுமே என்று எக்கநாயக்க சிங்களத்தில் வியந்தார்.

"வடை விக்கிற அளவுக்குத் தெரியும் மாத்தயா. கடையைக் காப்பாத்துற அளவுக்குத் தெரியாது."

அவர் நோட்டீசை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் பன்மொழி வள நிலையத்தில் போய்க் கேள், அதற்கென்றே அரசாங்கம் அதைக் கட்டி வைத்திருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டார்.

பன்மொழி வள நிலையம் பேராதனைக்குப் போகும் வழியில், மேட்டில், வெள்ளையடித்த மாடிக் கட்டடம். உள்ளே போனவுடன் வலப்பக்கம் தமிழ்ப் பிரிவு. ஒரு மேசை, ஒரு கதிரை, கதிரையின் முதுகில் பெரிய உத்தியோகத்தர்களுக்குப் போடுகிற வெள்ளைத் துவாய். ஆள் இல்லை. முன்பிருந்தவர் மாற்றலாகிப் போய்ப் பல வருஷமாகிறதாம். துவாயை மட்டும் ஒழுங்காகத் துவைத்துப் போடுகிறார்கள், ஏனென்றால் அதற்கு ஒதுக்கீடு இருக்கிறது.

இடப்பக்கம் கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, பித்தளைப் பெயர்ப்பலகை: மஞ்சு மொழிப் பிரிவு. அந்தப் பிரிவு பிறந்த கதை எளிமையானது. எந்த நாட்டிலிருந்தோ வந்த ஒரு தூதுக்குழு, மஞ்சு மொழிப் புத்தகங்கள் நிறைந்த அலுமாரி ஒன்றை அன்பளிப்பாக விட்டுப் போனது. அலுமாரி வைக்க அறை வேண்டியிருந்தது. அறை இருந்தால் பிரிவு இருக்கவேண்டும், பிரிவு இருந்தால் பணிப்பாளர் இருக்கவேண்டும், பணிப்பாளரைக் கால்நடையாக விடலாமா, அதனால் வாகனமும் சாரதியும் வந்தார்கள். எல்லாம் வந்து சேர்ந்தபின் ஒன்று மட்டும் குறைந்தது. மஞ்சு தெரிந்தவர் யாரும் வரவில்லை.

பணிப்பாளர் கலாநிதி திருச்செல்வம் யாழ்ப்பாணத்துக்காரர். பேச்சியம்மாவைக் கண்டதும் எழுந்து கதிரை காட்டினார். அவள் தன் கதையைச் சொல்லி முடிக்கும்வரை கண் கலங்கக் கேட்டார். பிறகு நல்ல தமிழில், தமிழில் உதவ முடியாது என்றார்.

"நானும் தமிழன்தானம்மா. வீட்டில நாங்கள் தமிழ்தான் கதைக்கிறனாங்கள். ஆனா அரசாங்கம் என்னைத் தமிழுக்கெண்டு எடுக்கேல்லை, மஞ்சுவுக்கெண்டு எடுத்தது. நான் உங்களுக்கு வந்து தமிழ் மொழிபெயர்த்தால் அது தமிழ்ப் பிரிவின்ர வேலையில கை வைக்கிறதாப் போயிடும்."

"அங்கதான் ஆளே இல்லையே சேர்."

"அதுதான் இன்னும் பெரிய பிழை. ஆள் இருந்தால் அவரிட்ட ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டுச் செய்யலாம். இல்லாத ஆளிட்ட எப்பிடிக் கேக்கிறது?"

"மஞ்சுன்னா என்னாங்க சேர்?"

"ஒரு காலத்தில சீனாவை ஆண்ட ராசாக்களின்ர பாஷை. இப்ப அதைப் பேசுற ஆக்கள் மிச்சம் குறைவு. அதனாலதான் எங்கட பிரிவில இண்டுவரைக்கும் ஒரு முறைப்பாடும் இல்லை. இந்த நிலையத்திலயே திறமான பிரிவு இதுதான்."

பேச்சியம்மாவுக்குத் தலை கிறுகிறுத்தது. அவள் பார்வை சுவரில் தொங்கிய பலகையில் போய் நின்றது. நிலையத்தின் சேவைப் பட்டயம் அது. அந்தக் கட்டடத்தில் தமிழிலும் எழுதப்பட்டிருந்த ஒரே பலகை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். இந்நிலையத்தில் பிரிவு இயங்கும் எந்த மொழியிலும், அம்மொழியை அறிந்தவரோ கற்கிறவரோ எந்த அரசாங்க அலுவலகத்திலும் தம் விசாரணையை நடத்தக் கோரலாம், அம்மொழியில் விசாரணை நடந்து முடியும்வரை அவருக்கு எதிராக எந்த நடவடிக்கையும் எடுக்கலாகாது. அவள் அதை இன்னொரு தரம் வாசித்தாள்.

"சேர், தமிழ்ப் பிரிவு இயங்குதா?"

"இல்லை. துவாய் மட்டும்தான் இருக்குது."

"மஞ்சுப் பிரிவு?"

"ஓம், அது நல்லா இயங்குது."

"அப்ப என்னைய மஞ்சு படிக்கிறவளா எழுதிக்கிருங்க. விசாரணையை மஞ்சுவிலயே வைக்கச் சொல்லுங்க."

யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். திருச்செல்வம் சிரிக்கவில்லை, அவர் முகத்தில் விளக்கேற்றியதுபோல் ஒளி வந்தது. வருஷா வருஷம் மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் 'மாணவர்' என்ற இடத்தில் பூச்சியம் போட்டுப் போட்டு நொந்துபோன மனிதர் அவர். அடுத்த தடவையும் பூச்சியம் விழுந்தால் வாகனத்தைப் பறித்துவிடுவோம் என்று கொழும்பிலிருந்து சொல்லியிருந்தார்கள். பேச்சியம்மாவின் கடையைப் போலவே அவருடைய வாகனமும் ஆபத்தில் இருந்தது.

மாணவரை வரவேற்க விழா வைத்தார்கள். மங்கல விளக்கேற்றினார்கள். நிலையத்தின் தலைவர் கொழும்பிலிருந்து வந்தார், அவருக்கு வெற்றிலைக் கட்டு நீட்டினார்கள், பாற்சோறு வெட்டினார்கள். மண்டபத்தில் முப்பது கதிரைகள் போட்டு, முதல் வரிசையில் மாணவரை உட்காரவைத்து, மீதியில் சாரதிகளையும் துப்புரவுத் தொழிலாளர்களையும் உட்காரவைத்தார்கள். தலைவர் ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார்.

"கட்டடம் இருக்கிறது, மாணவர் எங்கே என்று சில விஷமிகள் கேட்டார்கள். இன்று அவர்கள் வாயை அடைத்துவிட்டோம். இதோ மாணவர். ஒரு மொழியைப் பாதுகாக்கச் சிறந்த வழி, அதைப் பேசுகிறவர்களின் தொந்தரவு இல்லாமல் பாதுகாப்பதுதான். அந்த வகையில் இந்த நிலையம் ஆசியாவுக்கே முன்னுதாரணம்." எல்லாரும் கை தட்டினார்கள். பேச்சியம்மாவைப் புகழ்ந்து பேசியது எதுவும் பேச்சியம்மாவுக்கு மொழிபெயர்க்கப்படவில்லை, ஏனென்றால் அது தமிழ்ப் பிரிவின் வேலை.

விழா முடிந்து, கழுத்தில் மாட்டும் மாணவர் அட்டை ஒன்றும் கையில் வந்தபின், பேச்சியம்மா படிக்கப் புத்தகம் கேட்டாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஏற்பட்டது. அந்த நிலைமையை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

நூலகத்தில் அலுமாரிக்குக் காவலாக மஹ்ரூப் என்றொருவர் இருந்தார். நல்ல மனிதர், அலுமாரிப் பூட்டின் திறப்பை இடுப்பில் கட்டியிருந்தார். அலுமாரி தேக்கு மரம், முன்னால் கண்ணாடி. உள்ளே புத்தகங்கள் வெயிலில் வெளிறிப் போகாமலிருக்க முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பி அடுக்கப்பட்டிருந்தன.

"தொறக்க ஏலாது அம்மா," என்றார் மஹ்ரூப். "மஞ்சுவுல முதலாம் தரச் சோதினை பாஸானவங்களுக்கு மட்டும்தான் தொறக்கச் சொல்லி ஓடர்."

"சோதனைக்கு எதைப் படிக்கிறது?"

"இந்தப் புத்தகத்தைத்தான்."

"இதைத் தொறக்கணுமே."

"பாஸானாத் தொறப்பேன். எனக்கென்ன, தொறந்து தர ஆசையில்லையா? தொறந்தாக் கறையான் வரும் அம்மா. கறையான் வந்தா கணக்குப் பாக்குற ஒடிட்காரங்க வருவாங்க. கறையானையாச்சும் மருந்தடிச்சு வெரட்டலாம்."

"இதுவரைக்கும் யாராச்சும் தொறந்து பாத்திருக்காங்களா?"

"கொண்டுவந்து எறக்கின அண்டு பூட்டினது. பணிப்பாளர் சேரும் முதலாம் தரம் பாஸாகல்லயே, அவருக்கும் தொறக்க ஏலாது."

பேச்சியம்மா கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று பார்த்தாள். நாலு பக்கமும் பூட்டிய பெட்டிக்குள் ஒரு பாஷை சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பதைக் கண்டு அவளுக்குக் கோபம்தான் வந்தது. தன் கண்ணாடிப் பெட்டியில் அவள் வடையை இப்படி வைத்திருந்தால் வடை ஊசிப்போயிருக்கும், ஊர் சிரித்திருக்கும்.

கடைக்குத் திரும்பி றமீஸாவிடம் கொட்டித் தீர்த்தாள். றமீஸா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தன் போனை எடுத்துத் தட்டினாள்.

"அக்கா, அலுமாரி எதுக்கு? நெட்டில எல்லாம் ஈக்குது. அகராதி ஈக்குது, பாடம் ஈக்குது, பேசிப் பேசிக் காட்டுறாங்க. இதைக் கேளுங்களேன்."

போனுக்குள்ளிருந்து ஒரு கிழவருடைய குரல் நிதானமாக எண்ணியது. எமு, ஜுவே, இலான், துயின், சுன்ஜா. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நிங்குன், நதான், ஜகூன், உயுன், ஜுவான். பத்து வரைக்கும். எந்த ஊரிலோ யாரோ வேலை மெனக்கெட்டு, யார் வந்து படித்தாலும் படிக்கட்டும் என்று எல்லாவற்றையும் பூட்டாமல் வெளியே வைத்திருந்தார்கள். விளக்கேற்றவில்லை, வெற்றிலை கேட்கவில்லை. முன்பின் தெரியாத அந்தக் கிழவர்மேல் பேச்சியம்மாவுக்கு மரியாதை வந்தது.

"தேத்தண்ணிக்கு என்னாவாம்?"

றமீஸா தேடினாள். "சாய்."

"அட, அப்ப நம்ம ஆளுங்கதான்," என்றாள் பேச்சியம்மா.

றமீஸா எண்களைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தந்தாள். அந்த எழுத்து மேலிருந்து கீழாக மழைத்தண்ணி ஒழுகுவதுபோல் இறங்குவது என்று தெரியாமல் முதலில் படுக்கையாக அச்சடித்துவிட்டார்கள். ஆட்கள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துத் தேத்தண்ணியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்கள். பிறகு திருத்தி, பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் உச்சரிப்பு எழுதி, கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒட்டினாள் பேச்சியம்மா. மஞ்சுவில் எண்ணிக் கேட்கிறவர்களுக்குக் கட்டைச் சம்பல் இனாம் என்று ஒரு சட்டமும் போட்டாள்.

அந்தச் சட்டம் நிலையத்தின் எந்தச் சட்டத்தையும்விட வேகமாக வேலை செய்தது. "அக்கா, ஜுவே பருப்பு வடை" என்று நாவலப்பிட்டி பஸ் கொண்டக்டர் கூவினான். கலஹா பஸ் சாரதி ஜகூனுக்கு மேல் தெரியாமல் திண்டாடினான். ஆட்டோக்காரர்கள் பேரம் பேசும்போது நதானுக்கும் உயுனுக்கும் சண்டை பிடித்தார்கள். எக்கநாயக்ககூடச் சம்பலுக்கு ஆசைப்பட்டு, காலையில் வந்து வாங்கில் உட்கார்ந்ததும் "இலான் வடே" என்று மூன்று விரலைக் காட்டலானார். வடைச் சட்டியைத் தவிர உலகம் அறியாத அழகையா, ஒருநாள் தன்னையறியாமல் மாவு உருண்டைகளை மஞ்சுவில் எண்ணினார். எண்ணிவிட்டு, "நாவலப்பிட்டிக்கு எப்பப் போறோம்?" என்று கேட்டார். அவள் மாவுப் பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

விசாரணை நாள் வந்தது. எக்கநாயக்க கதிரையில் இருந்தார். பக்கத்தில், மஞ்சு மொழிபெயர்ப்பாளராகக் கலாநிதி திருச்செல்வம், கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி இருந்தார். கடையை மூடிவிட்டு அழகையாவும் றமீஸாவும் வந்திருந்தார்கள். கொண்டக்டர்கள் சிலர் வாசலில் நின்றார்கள். பேச்சியம்மா மாணவர் அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். மஞ்சுவில் பேசத் தெரிந்ததெல்லாம் பத்து எண்களும் ஒரு தேத்தண்ணியும்தான். இன்றைக்கு விழுந்தால் கடை விழுந்தது, கூடையைத் தேடி மறுபடி கலஹாவுக்குத்தான் போகவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

சொல்லவேண்டியதைச் சொல்லும்படி எக்கநாயக்க சைகை காட்டினார்.

"எமு," என்றாள் பேச்சியம்மா. தகரம் தூக்கிச் சுமந்து கூரை போட்ட நாள் நினைவுக்கு வந்தது. "ஜுவே. இலான்." மழையில் அடுப்பு அணையாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. "துயின், சுன்ஜா, நிங்குன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நதான், ஜகூன், உயுன்." கடைசியில் மேசையைத் தட்டி, "ஜுவான்," என்று முடித்தாள்.

திருச்செல்வம் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து, மணிமணியான சிங்களத்தில் மொழிபெயர்த்தார்.

"இந்த அம்மையார் அரசாங்கத்துக்கு நன்றி கூறுகிறார். நகரத்தை அழகாக்கும் திட்டத்தை மனமார வரவேற்கிறார். கண்ணீர் வந்தது ஆனந்தத்தினால். கடையைத் தாமாகவே அகற்றிக்கொள்வதாக உறுதியளிக்கிறார்."

அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவருக்கு வேறு விதமாக மொழிபெயர்க்க வராது. வாசலில் நின்ற கொண்டக்டர் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். எக்கநாயக்க அதட்டவில்லை. அவர் மேசைக்கடியில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பத்தாவது விரலில் வந்து நின்று, பணிப்பாளரை ஏறிட்டுப் பார்த்தார்.

"டொக்டர், இவ பத்து வரைக்கும் எண்ணினா," என்றார் சிங்களத்தில். "இலான் தானே நான் காலைல சாப்பிட்டது."

திருச்செல்வம் அசரவில்லை. "அது கடை வழக்கு. என்ர பிரிவு செம்மொழி வழக்கைப் பாக்கிறது. செம்மொழியில எண்ணுறதும் ஒருவகைச் சம்மதம்தான்."

"உங்களுக்கு மஞ்சு தெரியுமா?"

"நான் பணிப்பாளர். என்ர நியமனக் கடிதத்தில பிரிவை நடத்தச் சொல்லித்தான் இருக்குது, பாஷை தெரிஞ்சிருக்கவேணுமெண்டு ஒரு இடத்திலயும் இல்லை. பாஷை தெரிஞ்ச ஆளைப் போட்டிருந்தால் பிரிவு இவ்வளவு அமைதியா நடந்திருக்குமோ, சொல்லுங்கோ."

எக்கநாயக்க நெற்றியைத் தேய்த்தார். பிறகு, அந்தக் கதிரையில் இருந்துகொண்டே, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமிழில் பேசினார். "சரி அம்மா. இங்க எல்லாருக்கும் தமிழ் தெரியும்தானே. தமிழ்லயே சொல்லுங்க, நான் கேக்கிறேன்."

அழகையா ஒரு பெருமூச்சு விட்டார். இவ்வளவு தூரம் இறங்கி வந்த மனிதரிடம் சொல்லிவிட்டுப் போகலாமே என்று மனைவியின் முந்தானையை மெல்ல இழுத்தார். பேச்சியம்மா முந்தானையை உருவிக்கொண்டாள்.

"மாத்தயா அந்தக் கதிரையில இருந்து தமிழ் பேசுறதைக் கேக்க சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா வாயால பேசின தமிழ் வடையோட போயிரும். பூச்சாடியைப் பத்தி எழுத்துல அனுப்பினீங்க. எனக்குச் சொல்ல வேண்டியதையும் எழுத்துல, தமிழ்ல அனுப்புங்க. அனுப்பினா வந்து தமிழ்ல சொல்றேன். அதுவரைக்கும் மஞ்சுதான்."

"மஞ்சு தெரிஞ்ச ஆள் எங்களிட்ட இல்லையே அம்மா," என்றார் எக்கநாயக்க.

"எனக்கு அவசரம் இல்லீங்க," என்றாள் பேச்சியம்மா, கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "பட்டயத்துல எழுதியிருக்கு. விசாரணை முடியிறவரைக்கும் யாரும் கடையில கை வைக்க ஏலாது. எமு, ஜுவே, இலான்."

தகுதியுள்ள மஞ்சு மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும்வரை விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. பூச்சாடிகள் வந்து இறங்கிவிட்டிருந்தபடியால், அவற்றை அழகாக்கல் அலுவலகத்தின் வாசலிலேயே வைத்தார்கள். அதிகாரிகள் அவற்றில் தடுக்கி விழுந்துகொண்டு வேலைக்குப் போனார்கள்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில், ஒரு காலையில் கடை வாசலில் வாகனமொன்று வந்து நின்றது. திருச்செல்வம் இறங்கி வந்தார். மஞ்சுப் பணிப்பாளருக்குத் ஆள் வரும்வரைக்கும் தமிழ்ப் பிரிவையும் சேர்த்துப் பதில் கடமையாகக் கொடுத்திருக்கிறார்களாம், இப்போது அவருக்குத் துவாய் போட்ட கதிரை இரண்டு இருக்கிறதாம். அவர் ஒரு நீண்ட உறையை நீட்டினார். பேச்சியம்மா கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பிரித்தாள்.

தமிழில் இருந்தது. முதல் வரியில் அவள் பெயர், கீழே கடை இருக்கும் இடம், அதன் கீழே, கடையை அகற்றுவது தொடர்பான விசாரணை தமிழில் நடைபெறும் என்ற செய்தி. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சத்தமாக, கடையில் இருந்தவர்கள் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க, முழுவதையும் வாசித்தாள். வாசித்து முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது, அதை மறைக்க அவள் முயலவில்லை.

"என்னா சொல்லியிருக்கு?" என்று கேட்டார் அழகையா. "கடையைக் கழட்டத்தானே சொல்றாங்க? இதுக்கு ஏன் இப்புடிச் சந்தோஷப்படுற?"

"ஆமா, அதைத்தான் சொல்றாங்க," என்றாள் பேச்சியம்மா. நோட்டீசை மஞ்சு எண்களுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். "ஆனா இப்பத்தான் என்னையப் பாத்துச் சொல்றாங்க. இனிமேத்தான் சண்டையே. நீங்க வடையைப் போடுங்க, சேர் பசியோட வந்திருக்காரு."

திருச்செல்வம் வாங்கில் உட்கார்ந்து கூச்சத்தோடு இரண்டு விரலைக் காட்டினார்.

"வாயால சொல்லுங்க சேர்," என்றாள் அவள். "சொன்னாத்தான் சம்பல்."